திரும்பச் சொல்லாதவர்

அன்று காலை தஸ்நேவிஸ் தன் மனைவியை "ஏ மதுரைக்காரி" என்று கூப்பிட்டார். அமலோற்பவம் மதுரையைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

முந்தின நாள் "கப்பித்தான்." அதற்கும் முந்தின நாள் "தலைமைச் சமையல்காரரே." முதலில் அவளுக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. ஐம்பது வயதில் மனுஷனுக்குக் கொஞ்சல் வந்திருக்கிறது, வரட்டுமே என்று விட்டிருந்தாள். அன்றைக்கு ஏனோ தோசைக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"என் பேரு என்ன?"

"இதென்ன கேள்வி?"

"சும்மா சொல்லுங்க. என் பேரு என்ன?"

"தெரியும்."

"தெரியும்லா? சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். தொண்டை ஏறி இறங்கியது. வேப்பங்கொழுந்தை மென்றவர்போல முகம் சுருங்கியது. நெற்றியில் வேர்வை பொடித்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

"வரமாட்டேங்குது," என்றார். "அதை நான் ஏற்கெனவே சொல்லிட்டேன்லா."

"எப்ப சொன்னீங்க?"

"கல்யாணம் ஆனதுல இருந்து சொல்லிட்டுத்தானே இருந்தேன்."

தோசை கருகிக்கொண்டிருந்தது. அவள் அதைத் திருப்பவில்லை.

முத்தந்துறைக் கடற்கரையில் புயல் எச்சரிக்கை நிலையம் ஒன்று உண்டு. தஸ்நேவிஸ் அதன் தலைவர். அமலோற்பவம் அங்கேயே வயர்லெஸ் ஆபரேட்டர். கடலுக்குப் போகிற வல்லங்களுக்குக் காற்று வருகிறது, திரும்புங்கள் என்று சொல்வதுதான் இருவருக்கும் வேலை. அந்தக் கடலில் அதற்கு ஒரு முறை இருந்தது. ஒரே வாக்கியத்தை, ஒரே மாதிரி, மூன்று தடவை சொல்ல வேண்டும். வயர்லெஸ்ஸில் ஓயாமல் ஊர்க்கதையும் கேலியும் ஓடுவதால் வந்த வழக்கம். ஒரு தடவை சொன்னால் அரட்டை. மூன்று தடவை மாறாமல் வந்தால்தான் சேதி.

பிறகு மூன்று தடவையும் செல்லாக்காசாகிப் போனது. தலைமையகம் வாரத்துக்கு நாலு எச்சரிக்கை அனுப்பும். காற்று வந்தாலும் அனுப்பும், வராவிட்டாலும் அனுப்பும். கேட்டுக் கேட்டுக் காது மரத்து, ஒரு ஐப்பசியில் நிஜமாகவே காற்று வந்தபோது யாரும் திரும்பவில்லை. அந்த வருஷம் ஊரில் கல்லறைத் திருநாளுக்குப் பூ போதவில்லை.

அந்த வேதனையில்தான் தஸ்நேவிஸ் சென்னைக்குப் பயிற்சிக்குப் போனார். தலைவர்களுக்குப் புதுமைச் சிந்தனையைப் பழக்கமாக்கும் பயிற்சி. காதுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு பட்டை ஒட்டி அனுப்பினார்கள். மழைக்காலம் முழுக்க அதோடு இருந்தார்.

திரும்பி வந்து அவர் கொடுத்த முதல் எச்சரிக்கையை ஊர் இன்னும் மறக்கவில்லை. மீன் ஏலம் விடுகிறவர் குரலில் காற்றை ஏலம் விட்டார். "காத்து நாப்பது, நாப்பது, நாப்பத்தஞ்சு. தெக்க இருந்து வந்த காத்து, ஐஸ்ல வைக்காத காத்து. யாருவே எடுக்கா? எடுக்க ஆளில்லைன்னா எல்லாரும் கரைக்கு வாங்கவே." கடல் முழுக்கச் சிரித்தது. ஒரு வல்லம் பாக்கியில்லாமல் வீடு திரும்பியது. அடுத்த தடவை கோபக்கார மாமியாராகப் பேசினார். அதற்கடுத்து, கடலே கரைக்குப் போன் போட்டுப் புலம்புவதுபோல. விருது வந்தது, பொன்னாடை வந்தது. பட்டையும் கழற்றியாயிற்று.

மனுஷன் மாறியது மட்டும் கழலவில்லை. சர்ச்சுக்கு ஒரே தெரு வழியாக இரண்டாம் தடவை போகமாட்டார். சாப்பாட்டு மேஜை தினமும் வேறு மூலையில் கிடக்கும். ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தால் இரண்டாவது மணியில் எழுந்து போய்விடுவார். அமலோற்பவம் இதையெல்லாம் கிறுக்கு என்று நினைத்திருந்தாள். இன்றுதான் வேறு பெயர் வைக்கத் தோன்றியது.

நிலையத்துக்குப் போனதும் அவர் கோபுரத்துக் கம்பிகளைப் பார்க்க மேலே ஏறினார். அவள் பயிற்சி மையத்து டாக்டர் மாதங்கிக்குப் போன் போட்டாள்.

"பழக்கம்னா என்ன மேடம்? யோசிக்காம செய்யறது," என்றார் டாக்டர், மேடையில் பேசிப் பழகிய குரலில். "பல் தேய்க்கிற மாதிரி. புதுசா யோசிக்கிறதையே நாங்க பல் தேய்க்கிற மாதிரி ஆக்கிடறோம். ஒரு தலைவர் ஐடியா வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு உட்கார முடியாது இல்லையா?"

"புதுசா யோசிக்கட்டும் டாக்டர். பழசைச் சொல்ல முடியலைங்காரே."

"எந்தப் பழசு?"

"என் பேரு."

மறுமுனையில் நாற்காலி நகர்ந்தது.

"பட்டை என்ன பண்ணும்னா, மனசு ஏற்கெனவே போன வழியில போனா லேசா ஒரு கசப்பு கொடுக்கும். புது வழியில போனா இனிப்பு. கொஞ்ச காலத்துல மூளை தானாவே கசப்பை ஒதுக்கிடும்."

"பட்டையைத்தான் கழட்டியாச்சே."

"சைக்கிள் கத்துக் கொடுத்தவர் போயிட்டாலும் நாம ஓட்டறோம்ல?"

"சரி, சைக்கிளை விட்டு எப்படி இறங்குறது?"

"அதை..." டாக்டரின் குரலில் இருந்த மேடை இறங்கிவிட்டது. "அதை இதுவரைக்கும் யாரும் கேட்கலை."

"வேற ஒருத்தருக்கும் இப்படி ஆகலையா?"

"ஒரு மில் முதலாளி கையெழுத்துப் போட முடியலைன்னார். ரப்பர் ஸ்டாம்ப் செஞ்சு கொடுத்தோம். அவருக்குச் சந்தோஷம்தான்."

"என் பேருக்கு ஸ்டாம்ப் செஞ்சு தருவீங்களோ?"

டாக்டர் பதில் சொல்வதற்குள் சுவரில் இருந்த திரை சிவப்பானது.

போனை வைத்துவிட்டுப் படித்தாள். மன்னார் வளைகுடாவில் திடீர்ச் சுழல். மதியம் தாண்டி முத்தந்துறைக்கு நேர் கிழக்கே அடிக்கும். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். வானம் கழுவித் துடைத்த தட்டுபோல இருந்தது. ஊர் வல்லங்கள் எல்லாம் கிழக்கேதான் போயிருந்தன. அவளுடைய தம்பி இஞ்ஞாசியும்.

"ஏங்க," என்று கத்தினாள். "கீழ வாங்க. உடனே."

தஸ்நேவிஸ் வந்து திரையைப் பார்த்தார்.  நேராகப் போய் எச்சரிக்கைப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார். அந்தப் பெட்டி தலைவரின் குரலுக்குத்தான் திறக்கும். முன்பு ஒரு குடிகாரன் உள்ளே புகுந்து பொய்ப் புயல் சொல்லி ஊரைக் கலக்கியதால் செய்த ஏற்பாடு. பதிவு செய்து வைத்த குரலையும் அது துப்பிவிடும். மற்ற வயர்லெஸ் எதுவும் அவ்வளவு தூரம் எட்டாது.

"கரைக்குத் திரும்புங்க, பெருங்காத்து வருதுன்னு சொல்லுங்க," என்றாள். "வேற ஒண்ணும் வேண்டாம்."

அவர் மைக்கைப் பிடித்தார். உதடு அந்த வார்த்தைக்குக் குவிந்தது. எத்தனையோ வருஷம் அவர் சொன்ன வாக்கியம். தொண்டை ஏறி இறங்கியது.

"பங்குச்சாமி வீட்டு ஆடு கயித்தை அத்துக்கிட்டு ஓடுது," என்று வாயிலிருந்து வந்தது. "கொம்பைக் கண்டவன் வீட்டுக்கு ஓடு, வாலைக் கண்டவன் வலையைச் சுருட்டு."

பெட்டியில் ஒரு கணம் கரகரப்பு. பிறகு சிரிப்பு. வல்லம் வல்லமாகச் சிரிப்பு.

"அண்ணாச்சி, இன்னைக்குக் கொஞ்சம் சுமாருதான்," என்றது ஒரு குரல். லாசர். ஊரில் யாரையும் விட்டுவைக்காத வாய். "அந்த ஏலம் மாதிரி வரல. ஆனா ஆடு நல்லாருக்கு."

"அத்தான்," என்றது இஞ்ஞாசியின் குரல். "மீன் நல்லாப் படுது. வானமும் பளிச்சுன்னு இருக்கு. மீதி ஆட்டை வந்து கேக்கோம்."

தஸ்நேவிஸ் திரும்பி அவளைப் பார்த்தார். சிரிக்கவில்லை. கண் இரண்டும் நிறைந்திருந்தன.

"நான் அதைச் சொல்லல," என்றார். "நான் வேற சொல்லத்தான் நினைச்சேன்."

"இன்னொரு தடவை."

சொன்னார். இந்தத் தடவை வில்லுப்பாட்டு மெட்டில் காற்றுக்கும் மேகத்துக்கும் கல்யாணம் நடந்தது. கைதட்டல் வந்தது. அதற்கடுத்து ஒரு விடுகதை. அதற்கு இரண்டு வல்லத்துக்காரர்கள் போட்டி போட்டு விடை சொன்னார்கள். அவள் பெரிய எழுத்தில் எழுதி அவர் முன்னால் பிடித்தாள். படிக்கப் பார்த்தார். நாக்கு முதல் எழுத்திலேயே நழுவி வேறு எங்கோ ஓடியது.

அமலோற்பவம் தாளைக் கீழே வைத்தாள். நல்ல மூளை. யாரும் யோசிக்காததை யோசிக்கிற மூளை. அது அவளுடைய தம்பியைக் கொன்றுகொண்டிருந்தது, அதுவும் சுவாரஸ்யமாக.

"இங்க பாருங்க," என்று அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "இதுவரைக்கும் செய்யாதது ஒண்ணு இருக்கு. செய்வீங்களா?"

"என்ன?"

"நாற்காலியை விட்டு எந்திரிங்க. தலைவர் பொறுப்பை என்கிட்ட ஒப்படைக்கேன்னு பெட்டிக்கிட்டச் சொல்லுங்க."

அவர் ஒரு நொடி அவளைப் பார்த்தார். பிறகு மடமடவென்று, தடுக்காமல், தண்ணீர் ஊற்றினாற்போலச் சொன்னார். பெட்டி ஒரு மணியடித்துப் புதுக் குரலைக் கேட்டது. அவள் பெயரைச் சொன்னாள். ஏற்றுக்கொண்டது.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது அதற்கில்லை. சொல்லி முடித்தபோது அவர் முகத்தில் ஒரு தித்திப்பு படர்ந்தது. இத்தனை வருஷ உத்தியோகத்தை விட்டுக் கொடுத்துவிட்டு, வாயில் பாயசம் வைத்தவர்போல நின்றார்.

அவள் உட்கார்ந்தாள்.

"கரைக்குத் திரும்புங்க. பெருங்காத்து வருது."

ஒரே மாதிரி, மூன்று தடவை. இழுக்காமல், ஏற்றாமல்.

பெட்டி அமைதியாக இருந்தது. அவள் நாற்காலியில் சாய்ந்தாள். நம்பிவிட்டார்கள்.

"ஏல, கேட்டியளா?" லாசரின் குரல். "இன்னைக்குப் புதுசு என்னன்னா, பழசு! மூணு தடவை! எங்கப்பா காலத்துச் சரக்கு. அக்காவையே கொண்டாந்து உக்கார வச்சிட்டாரே மனுஷன்!"

சிரிப்பு முன்னைவிடப் பெரிதாக வந்தது. யாரோ விசிலடித்தான். "அண்ணாச்சிக்கு அடுத்த விருது நிச்சயம்டே" என்றான் இன்னொருத்தன்.

அமலோற்பவம் மைக்கை மூடினாள். பழையபடி சொல்வதும் ஒரு வித்தையாகிவிட்டது. எதைச் சொன்னாலும் வித்தை. அழுதாலும் வித்தை.

"அழு," என்றார் பின்னாலிருந்து தஸ்நேவிஸ். "இல்ல, அவங்க பிள்ளைங்க பேரைச் சொல்லிக் கூப்பிடு. இல்ல, ஒண்ணுமே பேசாம மைக்கைத் திறந்து வை, அது இதுவரைக்கும்..."

"பேசாம இருங்க."

"வேற மாதிரி சொன்னாத்தான் நம்புவாங்க."

"நீங்க வேற வேற மாதிரி சொல்லித்தான் இப்படி ஆச்சு. நான் இனி புதுசா ஒண்ணும் செய்யமாட்டேன்."

மைக்கைத் திறந்தாள். "கரைக்குத் திரும்புங்க. பெருங்காத்து வருது."

மூன்று தடவை முடிந்தது. நிறுத்தவில்லை. மறுபடியும் அதே. மறுபடியும் அதே. அடுப்பில் உலை கொதிக்கிற மாதிரி, குழாய் சொட்டுகிற மாதிரி, அதே சொல், அதே சுருதி.

முதலில் அவர்கள் கூடச் சேர்ந்து சொன்னார்கள். கோரஸாக, தாளம் போட்டு. அப்புறம் அவளுடைய குரலைப் போலவே பேசிக் காட்டினார்கள். எப்போது நிறுத்துவாள் என்று பந்தயம் நடந்தது. பந்தயம் கட்டினவர்கள் எல்லாரும் தோற்ற பிறகு எரிச்சல் வந்தது.

"அக்கா, போதும்க்கா. பக்கத்து வல்லத்துல ஐஸ் கேக்கணும், லைனை விடுங்க."

"கரைக்குத் திரும்புங்க. பெருங்காத்து வருது."

"ஏ, இந்தப் பொம்பளைக்குக் கிறுக்கா?"

"கரைக்குத் திரும்புங்க. பெருங்காத்து வருது."

பின்னால் தஸ்நேவிஸ் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு தடவைக்கும் அவர் உடம்பு ஒரு தரம் உலுக்கியது. வெளியே ஓடிப்போய் வாந்தியெடுத்தார். திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் குரல் மாறிவிடும்.

தொண்டை வறண்டு ரம்பம்போல அறுத்தது. தண்ணீர் குடித்தால் இடைவெளி விழும் என்று குடிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கிழக்குக் கோடியில் மை தீற்றியதுபோல ஒரு கறை தெரிந்தது.

அப்போதுதான் இஞ்ஞாசி கூப்பிட்டான். இந்தத் தடவை சிரிப்பில்லாமல்.

"அக்கா. நான்தான். நிஜமாவா?"

அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. ஆமாடா தம்பி, அம்மா மேல ஆணை, வந்துருடா. ஆனால் ஆணையிட்டுச் சொல்வதையும் தஸ்நேவிஸ் போன மாதம் செய்திருந்தார். சாதாரணக் காற்றுக்கு. இஞ்ஞாசியின் பேரைச் சொல்லியே செய்திருந்தார். ஊரே ரசித்தது.

பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"கரைக்குத் திரும்புங்க. பெருங்காத்து வருது."

"அக்கா, ஒரு வார்த்தை சொல்லுக்கா. நம்ம ரெண்டு பேருக்குள்ள. நிஜமா?"

"கரைக்குத் திரும்புங்க. பெருங்காத்து வருது."

கூடப் பிறந்தவன் கேட்கிறான், மரக்கட்டைபோலப் பதில் சொல்கிறோமே என்று கண்ணீர் கன்னத்தில் ஓடியது. குரலில் அது கலக்காமல் பார்த்துக்கொண்டாள்.

 பெட்டியில் ஒரு எஞ்சின் உறுமிய சத்தம். பக்கத்தில் இன்னொன்று. யாரோ வலையை வெட்டச் சொல்லிக் கத்தினான். அப்புறம் ஒருத்தனும் பேசவில்லை. காற்றுச் சத்தம் பெட்டிக்குள்ளேயே கேட்கும்வரை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் கரை சேர்ந்தபோது சாயங்கால வெளிச்சம் மஞ்சளும் கறுப்புமாகக் கலங்கிக் கிடந்தது. மழை சரம் சரமாக இறங்கியது. மணல் முழுக்க ஊர். வல்லங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கரையேறின. இஞ்ஞாசி இடுப்பளவு தண்ணீரில் குதித்து நடந்து வந்தான். அவள் அவன் தோளில் அறைந்தாள். பிறகு கட்டிக்கொண்டாள்.

"முதல் மூணு தடவைக்கே வரக்கூடாதால?" என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

"எப்படிக்கா நம்புறது? அதுவும் அத்தான் ஜோடிச்ச விளையாட்டுன்னுதான் நினைச்சோம். பிறகு நீ நிறுத்தவே இல்லை. வேடிக்கை காட்டுதவன் இவ்வளவு சலிப்புக் குடுக்கமாட்டான்னு பட்டுச்சு. சலிச்சுப் போய்த்தான் நம்புனோம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு, அவன் முகத்தைப் பார்த்ததும் நின்றது.

"என்னடா?"

"லாசர் வல்லம் வரலக்கா."

"எல்லாரும் ஒரே பக்கந்தானே கிடந்தீங்க?"

"ஒரே பக்கந்தான். அவன் மட்டும் கண்ணுக்கெட்டாத தூரத்துல கிடந்தான். கூப்பிட்டுப் பார்த்தோம், பதிலே இல்லை." இஞ்ஞாசி தலையைக் குனிந்தான். "அவன் வயர்லெஸ்ஸை அணைச்சிட்டான். அணைக்கதுக்கு முந்தி சொன்னான். இந்த ஒரே பாட்டைக் கேக்க நம்மளால ஆகாதுவேன்னு. அதான் கடைசி."

 மணலில் கொஞ்ச தூரத்தில் லாசரின் மனைவி, முந்தானையைத் தலைக்குப் பிடித்தபடி, ஒவ்வொரு வல்லமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நம்ப வைத்ததும் அந்த ஒரே பாட்டுதான். காதை அடைக்க வைத்ததும் அதுதான். அவளிடம் போய் எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது?

நிலையத்துக்குத் திரும்பி நடந்தாள்.  ஒரு தடவையாவது மாற்றிச் சொல்லியிருந்தால்? ஒரே ஒரு தடவை, லாசருக்காக மட்டும், ஒரு கிண்டல் கலந்து? அப்படிச் சொல்லியிருந்தால் இஞ்ஞாசி திரும்பியிருப்பானா? கணக்கு எந்தப் பக்கம் போட்டாலும் ஒரு ஆள் குறைந்தது.

தஸ்நேவிஸ் அதே சுவரோரம்தான் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. மழையா வேர்வையா தெரியவில்லை. அவள் வந்ததும் நிமிர்ந்தார்.

"எல்லாரும் வந்தாச்சா?"

"லாசர் வரல."

அவர் அவளையே பார்த்தார்.  அவள் காத்திருந்தாள். இப்போது என்ன வரும், பாட்டா, விடுகதையா, இந்தச் சாவுக்கும் புதிதாக ஒரு பேச்சு வரத்தானே போகிறது என்று உள்ளுக்குள் பயந்துகொண்டே காத்திருந்தாள். தொண்டை ஏறி இறங்கியது. முகம் கசந்தது. அந்தக் கசப்பை அவர் விழுங்குவதைப் பார்த்தாள்.

"எல்லாரும் வந்தாச்சா?"

 அதே வார்த்தை. அதே குரல்.

"லாசர் வரலங்க," என்றாள் மெதுவாக.

"எல்லாரும் வந்தாச்சா?"

அவள் அவர் பக்கத்தில், ஈரத் தரையில் உட்கார்ந்தாள். மாற்றிச் சொல்ல ஒரு வழியும் இல்லை என்று தெரிந்தும் ஒரு கணம் தேடினாள். பிறகு சொன்னாள்.

"லாசர் வரல."